கூச்சலும் கணக்கும்

பிலடெல்பியா ஈகிள்ஸ் ரசிகர்களைப் பற்றி அமெரிக்காவில் இரண்டு கதைகள் புழங்குகின்றன. 1999இல் அணி டோனவன் மெக்னாப்பைத் தேர்ந்தெடுத்தபோது அவர்கள் அரங்கத்திலேயே ஊளையிட்டார்கள். மெக்னாப்போ பதினோரு பருவங்கள் அந்த அணியைத் தாங்கினார். ரசிகருக்கு ஒன்றும் தெரியாது என்பவர்கள் இந்தக் கதையைச் சொல்வார்கள். 2020இல் ஜஸ்டின் ஜெஃபர்சனை விட்டுவிட்டு ஜேலன் ரேகரை அணி எடுத்ததும் அதே ரசிகர்கள் அன்றிரவே தலையில் அடித்துக்கொண்டார்கள். ஜெஃபர்சன் லீகின் முன்னணி ரிசீவர் ஆனார். ரேகர் இரண்டு பருவங்களோடு பிலடெல்பியாவை விட்டுப் போனார். ரசிகருக்கு எல்லாம் தெரியும் என்பவர்களுக்கு இந்தக் கதை.

இரண்டும் நடந்தவைதான். ஆனால் இரண்டிலும் விளைவைப் பார்த்த பிறகே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. தேர்வு நடந்த இரவில் கையிலிருந்த தகவலை வைத்து ரசிகர்கள் சரியாக யோசித்தார்களா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் ரசிகரின் மதிப்பீட்டை எடைபோட முடியாது.

இங்கே பேசுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.இல் இன்று 32 அணிகள். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் ஆண்டுதோறும் ஏப்ரலில் முறைவைத்து எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். ஐ.பி.எல். ஏலத்தில் பணம் பேசும். இங்கே வரிசை பேசும். சென்ற பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. கோப்பை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. மொத்தம் ஏழு சுற்றுகள். வரிசை எண்ணையே அணிகள் தங்களுக்குள் விற்கும், வாங்கும். ஆகவே ஒருவரை எடுப்பது என்றால் அதே எண்ணில் கிடைத்திருக்கக்கூடிய மற்ற அனைவரையும் விடுவது. ரசிகரின் கோபம் பெரும்பாலும் விடப்பட்டவரைப் பற்றியதே.

இந்த ஏற்பாட்டை முன்மொழிந்தவரே ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல். 1935இல் அவர் அணி 2 ஆட்டங்களில் வென்று 9இல் தோற்றது. நல்ல ஆட்டக்காரர்களை வசதி படைத்த அணிகளே அள்ளிக்கொள்கின்றன என்பது அவர் முறையீடு. 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஓர் ஓட்டலில் நடந்த முதல் டிராஃப்டில் ஈகிள்ஸ்தான் முதல் பெயரைச் சொன்னது: சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். சம்பளம் ஒத்துவராமல் அவருக்கான உரிமை சிகாகோ பேர்ஸ் அணிக்குக் கைமாறியது. அங்கும் பேச்சு முடியவில்லை. பெர்வாங்கர் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை. டிராஃப்ட் வரலாற்றின் முதல் தேர்வே வீணாய்ப் போனது. ரசிகரை அணி நிர்வாகத்தோடு ஒப்பிடும்போது நிர்வாகத்தை எட்டாத உயரத்தில் வைக்கத் தேவையில்லை.

ஆய்வும் இதையே சொல்கிறது. கேட் மாசியும், பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் டிராஃப்டை ஆராய்ந்தார்கள். ஒரே ஆட்ட இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முந்தி எடுக்கப்பட்டவர் மேலாக ஆடுவதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல் என்று கண்டார்கள். வேவு பார்க்க ஆட்களும், ஒளிப்பதிவுகளும், மருத்துவ அறிக்கைகளும் வைத்துக்கொண்டு ஆண்டு முழுதும் உழைக்கும் அணிகளின் நிலையே இது. நிர்வாகத்தின் தேர்வில் இவ்வளவு அதிர்ஷ்டம் கலந்திருந்தால் ரசிகரின் தீர்ப்பிலும் அதே அளவு கலந்திருக்கும். பலித்தது, பலிக்கவில்லை என்று எண்ணிக் கூட்டினால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் கணக்கு.

அதனால் வேறு உரைகல் வேண்டும். ரசிகரின் ஒவ்வொரு கண்டனத்துக்குள்ளும் மூன்று தனித்தனித் தீர்ப்புகள் இருக்கின்றன. அணியின் ஓட்டை எங்கே என்பது முதலாவது. அதை அடைக்க இன்னாரை எடுத்திருக்கலாம் என்பது இரண்டாவது. இந்த வரிசை எண்ணைக் கொடுக்கும் அளவுக்கு அந்த இடம் பெறுமா என்ற விலைக் கணிப்பு மூன்றாவது. ஈகிள்ஸின் நான்கு தேர்வுகளை இந்த மூன்றிலும் உரசிப் பார்க்கலாம்.

1999இல் ஈகிள்ஸுக்கு இரண்டாவது வாய்ப்பு. முந்தைய பருவத்தில் 3 வெற்றி, 13 தோல்வி. லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகள் எடுத்த அணி. ரசிகர்கள் கேட்டது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரிக்கி வில்லியம்ஸை. பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக். கல்லூரி ஆட்டத்தின் உயரிய ஹைஸ்மன் விருதை அப்போதுதான் வாங்கியிருந்தவர். வானொலித் தொகுப்பாளர் ஆஞ்சலோ கடால்டி ஏற்பாட்டில் ஒரு கூட்டம் டிராஃப்ட் நடந்த நியூயார்க் அரங்குக்கே போனது. நகர மேயர் எட் ரெண்டெலும் வில்லியம்ஸ் பக்கம்தான் நின்றார். புதிய பயிற்சியாளர் ஆண்டி ரீடின் அணி மெக்னாப்பின் பெயரைச் சொன்னது. ஊளை தொலைக்காட்சியில் நாடெங்கும் கேட்டது.

அன்று கையிலிருந்த தகவல் என்ன? 1998 பருவத்தில் அந்த அணியின் ரன்னிங் பேக் டூஸ் ஸ்டேலி 1,065 யார்டு ஓடியிருந்தார். உருப்படியான ஒன்று அணியில் இருந்தது என்றால் அது அந்த இடம்தான். மெக்னாப்பின் இடமோ ஆட்டத்தை நடத்தி, பந்தை எறியும் குவாட்டர்பேக். அங்கே பாபி ஹோயிங் அந்தப் பருவம் முழுவதும் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் டச்டவுன் ஒன்றுகூட எறியவில்லை. எதிரணி கையில் 9 முறை பந்தைக் கொடுத்திருந்தார். ஓட்டை எங்கே என்பதைப் புள்ளிவிவர அட்டவணை பார்த்த எவரும் சொல்லியிருக்கலாம். ரசிகர்கள் முதல் தீர்ப்பிலேயே சறுக்கினார்கள். அவர்கள் கண்ணை நிரப்பியிருந்தது வில்லியம்ஸின் புகழ்.

மூன்றாவது தீர்ப்பிலும் சறுக்கல்தான். அடிக்கு மேல் அடி வாங்கும் ரன்னிங் பேக்கின் ஆட்ட ஆயுள் குறுகியது. நல்ல குவாட்டர்பேக் பத்தாண்டு நிற்பார். ஆனால் இந்த விலைக் கணிப்பில் ரசிகர்கள் தனியாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸின் பயிற்சியாளர் மைக் டிட்கா வில்லியம்ஸைப் பெற ஐந்தாவது இடத்துக்கு ஏறினார். அதற்காக அந்த ஆண்டின் தன் தேர்வுகள் அத்தனையும், மறு ஆண்டின் முதல் சுற்று, மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்தார். செயின்ட்ஸ் அந்தப் பருவத்தில் 13 ஆட்டங்களில் தோற்றது. டிட்காவின் வேலை போனது. ஊர் ரசிகர் வாயால் செய்த பிழையை சூப்பர் பௌல் என்ற லீக் இறுதிப் போட்டியை வென்ற ஒரு பயிற்சியாளர் எட்டுத் தேர்வுகளைக் கொடுத்துச் செய்தார்.

மெக்னாப் ஐந்து முறை அணியை லீகின் அரையிறுதியான கான்ஃபரன்ஸ் இறுதிக்கும், ஒரு முறை சூப்பர் பௌலுக்கும் கொண்டுபோனார் என்பதால் ரசிகர்கள் தவறு என்று நான் சொல்லவில்லை. அதே டிராஃப்டின் முதல் பன்னிரண்டு இடங்களில் ஐந்து குவாட்டர்பேக்குகள் போனார்கள். அவர்களில் டிம் கௌச், அகிலி ஸ்மித், கேட் மெக்னவுன் மூவரும் நிலைக்கவில்லை. ஈகிள்ஸ் அகிலி ஸ்மித்தை எடுத்திருந்தால் அதே ஊளையை இன்று தீர்க்கதரிசனம் என்று கொண்டாடிக்கொண்டிருப்போம். அப்போதும் ரசிகர்களின் காரணம் தவறாகவே இருந்திருக்கும். ரன்னிங் பேக்கை உயர்ந்த இடத்தில் எடுப்பதே பிழை என்றும் சொல்ல முடியாது. நான்காவது இடத்தில் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் வில்லியம்ஸையும் தாண்டி எட்ஜரின் ஜேம்ஸை எடுத்தது. அவர் புகழ் மண்டபம் வரை போனார். கோல்ட்ஸிடம் பெய்டன் மானிங் என்ற குவாட்டர்பேக் ஏற்கெனவே இருந்தார். ஈகிள்ஸிடம் யாரும் இல்லை. ஒரே சரக்கு இரண்டு அணிக்கு இரண்டு விலை. 1999இல் ரசிகர்கள் தவறவிட்டது இந்த வேறுபாட்டைத்தான்.

2010 இன்னும் சிக்கலானது. ஈகிள்ஸ் 24ஆம் இடத்தோடு இரண்டு மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து 13ஆம் இடத்துக்கு ஏறி, எதிரணிக் குவாட்டர்பேக்கைத் துரத்தும் டிஃபென்சிவ் எண்ட் பிராண்டன் கிரஹாமை எடுத்தது. அடுத்த இடத்தில் சியாட்டில் சீஹாக்ஸ் எடுத்தது, தற்காப்பின் கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டி ஏர்ல் தாமஸை. ரசிகர்கள் கேட்டது தாமஸை. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஊரே கொண்டாடிய சேஃப்டி பிரையன் டாகின்ஸ் டென்வருக்குப் போயிருந்தார். அந்த இடம் காலி என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. இரண்டாம் சுற்றில் நேட் ஆலன் என்ற சேஃப்டியை எடுத்ததன் மூலம் அணியும் அதை ஒப்புக்கொண்டது. ஓட்டையைக் கண்டதிலும் ஆளைச் சொன்னதிலும் ரசிகர்கள் சரி.

கிரஹாம் முதல் பருவத்திலேயே முழங்கால் காயம்பட்டார். சில ஆண்டுகள் அவர் பெயரே ஒரு வசையாக இருந்தது. பிறகு 2018 பிப்ரவரி சூப்பர் பௌலின் கடைசி நிமிடங்களில் எதிரணிக் குவாட்டர்பேக் டாம் பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். ஈகிள்ஸ் 41-33 என்று தன் முதல் சூப்பர் பௌலை வென்றது. ஈகிள்ஸுக்காக மிக அதிக ஆட்டங்கள் ஆடியவர் என்ற பெருமையும் பின்னாளில் அவருக்கே வந்தது. ரசிகர்கள் தங்கள் பழைய தீர்ப்பைத் தாங்களே கிழித்துப்போட்டார்கள். கிரஹாமை எடுத்தது சரி என்றே இன்று பலரும் பேசுகிறார்கள்.

இந்த மனமாற்றம் அன்பின் அடையாளம். திறனாய்வாக அதை ஏற்க முடியாது. தேர்வின் பலனை அணி எதிர்பார்த்தது முதல் ஐந்தாறு ஆண்டுகளில். அந்தக் காலத்தில் தாமஸ் மூன்று முறை, பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைப் பட்டியலிடும் ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பெற்றார். 2014 பிப்ரவரியில் கோப்பையும் வென்றார். ஈகிள்ஸின் சேஃப்டி இடமோ 2014இல் மால்கம் ஜென்கின்ஸ் வந்த பிறகே தேறியது. கிரஹாமை உதவாக்கரை என்றது அவசரம். தாமஸை எடுத்திருக்க வேண்டும் என்றது சரி. இவை இரண்டும் வேறுவேறு கூற்றுகள். ஒரே கோபத்தில் சேர்த்துச் சொன்னதால், ஒன்று பொய்த்ததும் இரண்டையும் கைவிட்டுவிட்டார்கள். எட்டு ஆண்டு கழித்து வந்த ஒரு பெரிய கணம், எடுத்த அன்றைய ஒப்பீட்டை மாற்றிவிடாது.

2020 டிராஃப்டில் ஒரே அணி, ஒரே பொது மேலாளர், அடுத்தடுத்த இரண்டு நாள்கள். ரசிகர்கள் இரண்டு முறை கோபப்பட்டார்கள். முதல் சுற்றின் 21ஆம் இடத்தில் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன் எடுத்தது ஜேலன் ரேகரை. 22ஆம் இடத்தில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் எடுத்தது ஜெஃபர்சனை. இருவரும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள். அந்த ஜனவரியில்தான் பிளேஆஃப் ஆட்டத்தில் சீஹாக்ஸின் புதுமுகம் டி.கே. மெட்காஃப் ஈகிள்ஸுக்கு எதிராக 160 யார்டு எடுத்திருந்தார். அதற்கு முந்தைய ஏப்ரலில் மெட்காஃபை விட்டு வேறொரு ரிசீவரை எடுத்த அணி ஈகிள்ஸ். ரிசீவர் பஞ்சம் ஊரறிந்தது.

இங்கே ரசிகர்களின் வாதம் வலுவானது. 2019 கல்லூரிப் பருவத்தில் ஜெஃபர்சன் தேசிய வாகை சூடிய லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்காக 1,540 யார்டு பிடித்தார். ரேகர் பிடித்தது 611. அணியின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. டிஷான் ஜாக்சனுக்கு வயதாகிவிட்டது, களத்தை நீளவாக்கில் திறக்கும் வேகம் வேண்டும். ஜெஃபர்சன் பெரும்பாலும் களத்தின் உட்பக்கமாக நின்று ஆடியவர். ரேகரின் கல்லூரி அணியில் பந்தை எறிபவர்கள் சரியில்லை. இவற்றை அபத்தம் என்று தள்ள முடியாது. ஆனால் ஒரு பக்கம் நடந்த ஆட்டம், மறு பக்கம் நடக்கக்கூடிய ஆட்டம். இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது நடந்ததை நம்புவதே முறை. முதல் பருவத்தில் ஜெஃபர்சன் 1,400 யார்டு எடுத்தார், ரேகர் 396. இந்த எண்கள் ரசிகர்களைச் சரியாக்கவில்லை. முந்தைய பருவத்தின் எண்களே சரியாக்கிவிட்டன. மாசியும் தேலரும் சொன்ன அதிர்ஷ்டத்தின் பங்கு இங்கும் உண்டு. ஜெஃபர்சன் இவ்வளவு உயரம் போவார் என்று எந்த ரசிகரும் அறிந்திருக்கவில்லை. இருவரில் பாதுகாப்பான பந்தயம் எது என்பதை மட்டும் சரியாகச் சொன்னார்கள். ஒரு ரசிகரிடம் அதற்கு மேல் கேட்கவும் கூடாது.

மறுநாள் இரண்டாம் சுற்றில், 53ஆம் இடத்தில், குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். ஊர் கொதித்தது. கார்சன் வென்ட்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 12.8 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு கொடுத்து ஓராண்டுகூட ஆகவில்லை. அணியில் அடைக்க வேண்டிய இடங்கள் பல இருக்க, பெஞ்சில் உட்காரப் போகிறவருக்கு இரண்டாம் சுற்றா என்பது கேள்வி.

இப்போது ஹர்ட்ஸின் பெயரில் 2025 பிப்ரவரி சூப்பர் பௌல் வெற்றியும் அந்த ஆட்டத்தின் நாயகர் விருதும் இருக்கின்றன. அதை வைத்து ரசிகர்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் அவரை எடுத்ததற்கு அணி அன்று சொன்ன காரணத்தைப் பார்க்க வேண்டும். வென்ட்ஸ் 2017, 2018 இரண்டு பருவங்களையும் காயத்தால் முடிக்கவில்லை. அந்த ஜனவரி பிளேஆஃபிலும் தலையில் அடிபட்டு வெளியேற, 40 வயது ஜாஷ் மெக்கவுன்தான் களமிறங்கினார். முதல் சூப்பர் பௌலை வென்று தந்தவரே மாற்று ஆட்டக்காரர் நிக் ஃபோல்ஸ். ஆகவே அணி வாங்கியது ஒரு காப்பீடு. வென்ட்ஸ் 2020இல் 15 முறை பந்தை எதிரணிக்குக் கொடுத்து, 50 முறை வீழ்த்தப்பட்டு, டிசம்பரில் இடத்தை இழப்பார் என்று ரோஸ்மனும் கணிக்கவில்லை. கணித்திருந்தால் அந்த நீட்டிப்பைக் கொடுத்திருக்க மாட்டார். ஹர்ட்ஸை எடுத்ததே வென்ட்ஸின் மனத்தைக் குலைத்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. அதை நிரூபிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை.

ஆகவே ஹர்ட்ஸின் வெற்றியில் நிர்வாகத்துக்குப் பாதிப் புகழ்தான். அந்தப் பாதியைக்கூட ரசிகர்கள் காணவில்லை என்பதுதான் அவர்கள் குறை. 2011 முதல் புதுமுகங்களின் சம்பளம் வரிசை எண்படி நிர்ணயிக்கப்படுகிறது. இரண்டாம் சுற்றில் வந்தவர் நான்கு ஆண்டுக்கு மலிவு. லீகிலேயே விலை உயர்ந்த இடத்தில் மலிவான ஓர் ஆள் தேறிவிட்டால் அந்த மிச்சத்தில் முழு அணியும் கட்டலாம். ஈகிள்ஸ் 2022இல் ஏ.ஜே. பிரவுன் என்ற ரிசீவரை வாங்கி, பெரிய ஒப்பந்தமும் கொடுத்து, ரேகர் விட்ட ஓட்டையை அடைத்தது இப்படித்தான். அந்தப் பருவமே அணி சூப்பர் பௌல் வரை போனது. தேறாவிட்டால் நட்டம் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு. காயம் தொடர்ந்து தொல்லை தந்த குவாட்டர்பேக்கை நம்பியிருந்த அணிக்கு இந்தப் பேரம் நியாயமானது, அன்றே நியாயமானது. ஓட்டை எங்கே என்று ரசிகர்கள் பார்த்தது அடுத்த செப்டம்பருக்கான அணியில். மூன்றாம் ஆண்டு அணியில் எங்கே ஓட்டை விழும் என்று அவர்கள் பார்க்கவில்லை.

நான்கு நிகழ்வுகளை வைத்துப் பொதுத் தீர்ப்பு எழுதலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமே. கூச்சல் எழுந்த தேர்வுகள்தான் நினைவில் நிற்கின்றன. தலையாட்டி ஏற்றுக்கொண்டு பின்னர் பொய்த்தவற்றை யாரும் குறித்துவைப்பதில்லை. கடைசிச் சுற்றுகளைப் பற்றி ரசிகர்களுக்குப் பெரும்பாலும் கருத்தே இருப்பதில்லை. 2018இல் 233ஆம் இடத்தில் ஈகிள்ஸ் எடுத்த ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலிய ரக்பி ஆட்டக்காரர். அமெரிக்கக் கால்பந்தை ஒரு நாளும் ஆடியிராதவர். குவாட்டர்பேக்கின் முதுகைக் காக்கும் இடத்தில் நின்று இரண்டு சூப்பர் பௌல்களில் ஆடினார். அவரைப் பாராட்டவோ பழிக்கவோ எந்த ரசிகரிடமும் அன்று தகவல் இல்லை. அணிகளின் திறமை வெளிப்படும் இடத்தில் ரசிகர் பார்வை எட்டுவதில்லை. ரசிகரின் தீர்ப்பு முதல் இரண்டு நாளுக்கானது, தெரிந்த பெயர்களுக்கானது. அந்த எல்லைக்குள் வைத்தே அதை மதிப்பிட வேண்டும்.

எல்லைக்குள் தீர்ப்பு தெளிவாகவே வருகிறது. ஒரே இடத்தில் ஆடும் இருவரை, இருவரின் ஆட்டமும் கண்முன் இருக்கும்போது, ஒப்பிடுவதில் ரசிகர் நம்பத்தக்கவர். ரேகர்-ஜெஃபர்சன் விஷயத்தில் நிர்வாகத்தைவிடத் தெளிவாகவே இருந்தார். நிர்வாகம் தன் திட்டத்துக்கு ஏற்ற ஆளைத் தேடித் தேடிச் சொந்த வாதங்களில் சிக்கிக்கொள்ளும். ரசிகருக்கு அந்தச் சுமை இல்லை. வெளிப்படையாகக் காலியான இடத்தைச் சுட்டுவதிலும் அவர் பெரும்பாலும் சரி. ஆசை ஆளைப் பிடித்துக்கொண்டால் மட்டும் 1999போல் தடுக்கி விழுகிறார். ஒரு இடத்தை இன்னோர் இடத்தோடு, இந்த ஆண்டை நான்காம் ஆண்டோடு வைத்து விலைபேச வேண்டிய இடத்தில் அவர் பலவீனர். மெக்னாப்பிலும் ஹர்ட்ஸிலும் அவர் இழந்தது இதே தேர்வுத்தாளில்தான். இரண்டிலும் அவர் குறைத்து மதித்தது ஒரே இடத்தை: குவாட்டர்பேக்.

ஒரு நிபந்தனையும் சேர்க்க வேண்டும். யாரை எடுத்திருக்க வேண்டும் என்று பெயர் சொல்லாத கண்டனம் வெறும் முனகல். அதை எடைபோடவே முடியாது. பிலடெல்பியா ரசிகர்கள் வில்லியம்ஸ், தாமஸ், ஜெஃபர்சன் என்று பெயர் சொன்னார்கள். ஹர்ட்ஸ் விஷயத்தில் மட்டும் அவர்கள் சொன்னது ‘வேறு யாராவது’. நான்கில் அவர்கள் வாதம் மிக மெலிந்திருந்ததும், இன்று தேடிப் பார்த்தால் எதிர்வாதம் இன்னதென்று பிடிபடாததும் அந்த ஒன்றில்தான். அணிகள் தங்கள் விருப்பப் பட்டியலை வெளியிடுவதில்லை. தவறியவர்களைப் பற்றி மௌனம் காக்கும் வசதி அவற்றுக்கு உண்டு. முன்கூட்டியே பெயர் சொல்லிவிட்டு, அந்தப் பெயரோடு பத்தாண்டு வாழும் ரசிகர், சரியோ தவறோ, அந்த அளவில் நிர்வாகத்தைவிடக் கூடுதலாகக் கணக்குக்கு உட்பட்டவர். அவர் ஊளைக்கு மதிப்பெண் போடுவதானால் அதில் இருக்கும் பெயருக்கும் காரணத்துக்கும் போட வேண்டும்; பிறகு வந்த கோப்பைக்குப் போடக்கூடாது.